கொக்கியில் இருக்கும்போது நின்றுபோனால்?



பினாங்கின் ஜெலுத்தோங்கில் என்னைத் தேடி வரும் பட்டறைப் பிள்ளைகள் முன்பெல்லாம் வெல்டிங் சான்றிதழ், கிரேன் பரிசோதனை என்றுதான் கேட்பார்கள். இப்போது கேள்வி மாறியிருக்கிறது. 13ஆவது மலேசியத் திட்டத்தில் அணுமின்சாரம் மறுபடியும் இடம்பிடித்துவிட்டது. பிறையிலும் புக்கிட் மின்யாக்கிலும் துல்லிய வேலை தெரிந்த பட்டறைகள் இருக்கின்றன. அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளைத் தூக்கவும் நகர்த்தவும் அடைத்துவைக்கவும் வேண்டிய கருவிகளை நாமும் செய்யலாமா, அதற்கு அனுமதி வாங்குவது எப்படி என்று கேட்கிறார்கள். செய்யலாம். பாரந்தூக்கிகளோடும் பற்றவைப்புப் பரிசோதனையோடும் காலம் கழித்தவன் என்ற உரிமையில் சிலவற்றை எழுதித் தருகிறேன். மூன்றாவதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

1. தூக்கப்போவது என்னவென்று தெரியாமல் டிராயிங் போட உட்காராதீர்கள்.

நம் நாட்டின் ஒரே அணு உலை பாங்கியில் இருக்கிறது. டிரிகா புஸ்பாத்தி என்று பெயர். ஒரு மெகாவாட் ஆராய்ச்சி உலை. 1982 ஜூன் 28 அன்று முதன்முதலாக இயங்கியது. அதன் எரிபொருள் கோல் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். கல்பாக்கத்தின் கனநீர் உலைகளில் அரை மீட்டர் நீளக் கட்டு, ஒரு கட்டில் 19 கோல்கள். கூடங்குளத்தில் ஒரு கட்டு நாலரை மீட்டர் உயரம், முந்நூறுக்கு மேல் கோல்கள். புதிதாக வரும்போது இவற்றைக் கையுறை போட்டுக்கொண்டு கிட்ட நின்று பார்க்கலாம். உலைக்குள் போய்வந்தபின் நெருங்கவே முடியாது. உலையை நிறுத்திய கணத்திலும் முழுச் சக்தியில் 6, 7 சதவீத வெப்பம் எரிபொருளிலிருந்து வந்துகொண்டே இருக்கும். ஒரு நாளில் அது அரை சதவீத அளவுக்கு இறங்கும். அதற்குப் பிறகு இறங்குவதெல்லாம் ஆண்டுக் கணக்கில். இதை அணைக்க ஒரு சுவிட்சும் கிடையாது. புதிதாக வெளியே எடுத்த கட்டின் பக்கத்தில் மறைப்பில்லாமல் நின்றவன் சில நிமிடங்களுக்குள் உயிருக்கு உலை வைக்கும் கதிர்வீச்சை வாங்கிவிடுவான். அதே கட்டுக்கு மேல் மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால் குளத்தின் விளிம்பில் நின்றே வேலை பார்க்கலாம்.

இன்னொன்று இடைவெளி. கட்டுகள் அளவுக்கு மீறி நெருங்கினால் தொடர்வினை மறுபடி தலைதூக்கும். அதனால்தான் அடுக்குச் சட்டங்களில் ஒவ்வொரு கட்டும் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, தொடர்வினையின் பெருக்கக் காரணி 0.95ஐத் தாண்டாது என்று நிரூபிக்கச் சொல்கிறார்கள். உங்கள் டிராயிங்கில் ஓர் அளவுக்குப் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 0.5 என்று இருந்தால், அது மெஷின்காரனின் வசதிக்காகப் போட்டது என்று நினைத்துவிடாதீர்கள். யாரோ ஒருவரின் கணக்கு அந்த அரை மில்லிமீட்டரில் நிற்கிறது.

2. யாருடைய அனுமதி என்பதை முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் 304ஆம் சட்டம், அதாவது 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம். அதன்படி 1985 பிப்ரவரி 1 அன்று அணுசக்தி உரிம வாரியம் அமைந்தது. அதன் பணிகளைப் பார்க்கும் துறைக்கு இப்போது ஆத்தோம் மலேசியா என்று பெயர். சாதாரணப் பாரந்தூக்கி என்றால் வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஜேகேகேபியிடம் வடிவமைப்பு அங்கீகாரமும் பிஎம்ஏ எண்ணும் வாங்கிப் பழகியிருப்பீர்கள். பட்டறையில் இரிடியம் 192 வைத்துப் பற்றவைப்புகளைப் படம் எடுப்பவர்கள் அணுசக்தி உரிமத்தையும் அறிவார்கள். இரண்டும் நல்ல பழக்கம். ஆனால் நீங்கள் செய்யும் கருவி எந்த நாட்டின் உலையில் போய் நிற்குமோ, அந்த நாட்டின் கட்டுப்பாட்டு அமைப்புதான் கடைசி வார்த்தை சொல்லும். இந்தியா என்றால் 1983 நவம்பரில் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அமெரிக்கா என்றால் அங்குள்ள அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம். அது தரக் காப்புக்கு மட்டும் 18 விதிகள் வைத்திருக்கிறது. உங்கள் பட்டறை புக்கிட் மின்யாக்கில் இருந்தாலும் அந்தப் பதினெட்டும் உங்கள் வாசல்வரை வரும். நீங்கள் வெளியில் கொடுக்கும் முலாம் வேலை, வெப்பப் பதம் வேலை வரைக்கும் போகும்.

அமைப்பு உங்களிடம் நேரே பேசாது. உரிமம் வைத்திருப்பவர் நிலையத்தார். அவர் வழியாகத்தான் கேள்வி வரும். பதில் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

3. முதல் டிராயிங்கே, வேலை பாதியில் நின்றுபோன நிலையின் டிராயிங்காக இருக்கட்டும்.

நாம் பழகியது எடுக்கும் இடமும் வைக்கும் இடமும்தான். நடுவில் உள்ளதைப் பாதை என்று ஒரு கோடு போட்டு விட்டுவிடுவோம். பயன்படுத்திய எரிபொருள் விஷயத்தில் அந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் கருவி நின்றுபோனதாக வைத்துக்கொண்டு கேட்க வேண்டும்: இப்போது இதைக் குளிர்விப்பது எது? மறைப்பது எது? பிடித்திருப்பது எது? எவ்வளவு நேரம் தாங்கும்? கையால் சுழற்றிக் கீழே இறக்க வழி உண்டா?

ஹங்கேரியின் பாக்ஸ் நிலையத்தில் 2003 ஏப்ரல் 10 அன்று நடந்ததை இந்தத் தொழிலுக்கு வரும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும். இரண்டாம் உலையின் எரிபொருள் கட்டுகளில் படிந்திருந்த மேக்னடைட் படிவை வேதிக் கரைசலால் கழுவ ஒரு தொட்டி செய்தார்கள். செய்தது பேர்பெற்ற நிறுவனமான பிரமாத்தோம். அதற்கு முன் ஏழு கட்டுகள் கொள்ளும் சிறிய தொட்டி அதே நிலையத்தில் குறையில்லாமல் வேலை செய்திருந்தது. புதியது 30 கட்டுகள் கொள்ளும். தண்ணீருக்கடியில், உலைக்குப் பக்கத்துக் கிணற்றில் அதை இறக்கி, மூடியைப் பூட்டிக் கழுவினார்கள். அன்று மாலை 4.40க்குக் கழுவல் முடிந்தது. கட்டுகளை எடுக்க வேண்டும். ஆனால் கிரேன் வேறு வேலையில் இருந்தது. சரி, காத்திருப்போம் என்று பெரிய பம்பை நிறுத்திச் சிறிய பம்புக்கு மாற்றினார்கள்.

கழுவும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காத்திருந்தபோதுதான் வினை. தண்ணீர் உள்ளே வரும் வழியும் வெளியே போகும் வழியும் இரண்டுமே தொட்டியின் அடியில். சிறிய பம்பு தள்ளிய நீர் கட்டுகளுக்குள் ஏறாமல் கீழேயே குறுக்கு வழி பிடித்து வெளியேறிவிட்டது. மேலே தேங்கிய நீர் சூடேறி ஆவியாயிற்று. கவிழ்த்த செம்பைத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று நிற்குமே, அப்படி அந்த ஆவி மூடிக்குக் கீழே நின்று நீரைக் கீழே தள்ளியது. சுற்றிலும் பத்து மீட்டர் தண்ணீர் இருக்க, எரிபொருள் மட்டும் காய்ந்துபோய் ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடேறியது. இரவு பத்து மணி வாக்கில் கிரிப்டான் 85 வாயு அளவுமானியில் தெரிந்தது. அதிகாலை 2.15க்கு மூடியின் பூட்டைத் திறந்ததும் குளிர்ந்த நீர் பாய்ந்தது. உடையக்கூடிய நிலையில் இருந்த கோல்கள் நொறுங்கின. மூடியைத் தூக்கப் போனபோது தூக்கும் கயிறுகளில் ஒன்று அறுந்தது. 30 கட்டுகளும் சேதம். நொறுங்கியதை அள்ளிக் குப்பிகளில் அடைக்கும் வேலை 2007 வரை இழுத்தது. வெளியில் மக்களுக்குப் பெரிய பாதிப்பு இல்லை. சர்வதேச அணு நிகழ்வு அளவுகோலில் அதை மூன்றாம் படியில் வைத்தார்கள்.

ஆள் அனுப்பி ஆராய்ந்த சர்வதேச அணுசக்தி முகமை சொன்னதில் நமக்கு வேண்டியது இது: பராமரிப்புக் கால நெருக்கடியில் தொட்டியின் வடிவமைப்பைச் சோதிக்கப் போதுமான நேரம் கொடுக்கப்படவில்லை, நிலையத்தார் தயாரிப்பாளரை நம்பினார்கள், கட்டுப்பாட்டு அமைப்பு அந்தக் கருவியின் பாதுகாப்பு முக்கியத்துவத்தைக் குறைத்து எடைபோட்டது. அனுமதித் தாள் இருந்தது. கழுவி முடிந்து மூடி திறக்காமல் நிற்கும் மணிநேரங்களை ஆழமாக ஆராய்ந்தவர் யாருமில்லை. ஒரு முறை வேலை செய்த சிறிய கருவியைப் பெரிதாக்கி, பழைய அனுபவத்தைச் சாட்சியாக வைத்து அனுமதி கேட்காதீர்கள். ஏழு முப்பதானால் அது வேறு கருவி.

4. இன்டர்லாக்கைத் தாண்டும் சாவியை யாரிடம் கொடுப்பீர்கள் என்று எழுதிவையுங்கள்.

கல்பாக்கத்தின் வேக ஈனுலைச் சோதனை உலை 1985 அக்டோபர் 18 அன்று இயங்கத் தொடங்கியது. அதைக் குளிர்விப்பது உருகிய சோடியம். தண்ணீரைப்போல் அதற்குள் பார்க்க முடியாது. எரிபொருளை நகர்த்துபவர் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்ப்பவர்தான், கருவி சொல்வதை நம்பியே ஆக வேண்டும். 1987 மே மாதம் உலைக்குள் ஒரு கட்டை இடம் மாற்றும்போது, அதன் அடிக்கால் கீழே நீட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே மேல்மூடி சுழன்றது. சுழலவிடாமல் தடுக்க வேண்டிய இன்டர்லாக் தர்க்கச் சுற்று அப்போது தாண்டிவிடப்பட்டிருந்தது. வழிகாட்டிக் குழாய் வளைந்தது, பக்கத்துக் கட்டுகளின் தலைகள் அடிபட்டன. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வளைந்த குழாயை வெட்டி எடுக்கப் புதிய கருவிகளை அங்கேயே வடிவமைத்துச் செய்தார்கள். இரண்டு ஆண்டு பிடித்தது. அந்தப் பொறியாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அப்படி ஒரு மீட்பு வேலையை அதற்கு முன் அவர்கள் செய்ததில்லை. பார்த்துப் பழக யாரும் இல்லை. பொறுமையாகச் செய்து முடித்து, உலையை மறுபடி ஓட்டினார்கள்.

ஜப்பானின் மோஞ்சுவும் சோடிய உலைதான். 2010 ஆகஸ்ட் 26 அன்று 3.3 டன் எடையுள்ள எரிபொருள் மாற்றும் கருவியை வெளியே எடுக்கும்போது பிடி நழுவி உலைக்கலத்துக்குள் விழுந்தது. பிடியில் இருந்த ஒரு திருகு தளர்ந்ததுதான் காரணம். எடுக்க அடுத்த ஆண்டு ஜூன் ஆயிற்று.

சோதனை ஓட்டத்தின்போது இன்டர்லாக்கைத் தாண்ட வேண்டிய தேவை வரத்தான் செய்யும், மறைக்க வேண்டாம். எந்த இன்டர்லாக், எந்த வேலைக்கு, யார் கையெழுத்தில், எத்தனை மணிக்குள் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். அதோடு, மின்சாரச் சுற்றைத் தாண்டினாலும் தாண்ட முடியாத இரும்புத் தடை ஒன்றை வைக்கப் பாருங்கள். குளத்தில் கட்டைத் தூக்கும் கருவியில், மேல்நோக்கிய நகர்வை லிமிட் சுவிட்ச் நிறுத்தத் தவறினாலும் கட்டு நீர்மட்டத்துக்கு மேலே வராதபடி தண்டின் நீளமே தடுக்க வேண்டும்.

5. சிறு மாற்றம் என்று ஒன்று கிடையாது.

அமெரிக்காவின் சான் ஒனோஃப்ரே நிலையத்துக்கு வந்த, பயன்படுத்திய எரிபொருளை அடைக்கும் எஃகுக் குப்பிகளில், உள்கூடையின் தாங்கிகளில் நாலு அங்குல நீளத் தண்டுகளை வைத்து வடிவமைப்பை மாற்றியிருந்தார்கள். 2018இல் ஒரு குப்பிக்குள் அதில் ஒன்று உடைந்து கிடந்தது. ஆணையம் குற்றம் கண்டது, அந்த மாற்றத்துக்கான காரணத்தையும் மதிப்பீட்டையும் முறையாக எழுதிவைக்காததில். மாற்றலாம் என்று விதி இடம் கொடுக்கிறது; எழுதாமல் மாற்ற இடம் கொடுக்கவில்லை. பட்டறையில் கையில் இருக்கும் போல்ட்டைப் போட்டு வேலையை முடிக்கும் சாமர்த்தியத்தை நாம் பெருமையாகச் சொல்வோம். இங்கே அந்தச் சாமர்த்தியம் வேண்டாம்.

6. கயிறு தொய்ந்தால் சத்தம் போடும் கருவியைச் செய்யுங்கள்.

அதே நிலையத்தில், அதே 2018இல், ஆகஸ்ட் 3 அன்று. ஏறத்தாழ 50 டன் எடையுள்ள நிரப்பிய குப்பியை நிலத்தடி அறைக்குள் இறக்கினார்கள். அது கீழே போய்ச் சேராமல் உள்வளையத்தில் உட்கார்ந்துவிட்டது. இறக்குபவருக்குத் தெரியவில்லை, கயிறு மேலும் இறங்கித் தொய்ந்தது. கிட்டத்தட்ட ஒரு மணிநேரம் அந்தக் குப்பி விளிம்பில் மட்டும் நின்றது. கீழே 18 அடி. தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை. கதிர்வீச்சு அளவையாளர் வழக்கத்துக்கு மாறான அளவைக் கவனித்ததால்தான் விஷயம் தெரிந்தது. கொக்கியில் சுமை இல்லாமல் போனதை யாரும் உடனே கவனிக்கவில்லை.  நிலையத்துக்கு 1,16,000 டாலர் அபராதம். 24 மணிநேரத்துக்குள் அறிவிக்கத் தவறியதையும் மீறலாகக் குறித்தார்கள்.

கூடுதல் சுமைக்கு வெட்டும் சுவிட்ச் பெரும்பாலான கிரேன்களில் இருக்கிறது. குறைந்த சுமைக்கும் வெட்ட வேண்டும். கொக்கியும் கயிறும் இரட்டைப் பாதையில் இருக்க வேண்டும், ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும் என்று அமெரிக்க ஆணையம் 1979இலேயே வழிகாட்டி எழுதிவிட்டது. அன்று அந்த இரட்டைப் பாதையில் ஒன்றும் அறுந்துவிடவில்லை. தொய்ந்து கிடந்தது.

7. தகட்டின் பிறப்பை மறக்காதீர்கள்.

ஒரு துருப்பிடிக்காத எஃகுத் தகடு வருகிறது. மூலையில் ஹீட் நம்பர் குத்தியிருக்கிறது. மில் சான்றிதழில் அதே எண். தகட்டை இரண்டாக வெட்டப் போகிறீர்கள். வெட்டுவதற்கு முன்பே இரண்டாம் துண்டில் அந்த எண்ணை மாற்றிக் குத்தி, பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். வெட்டியபின் நினைவில் வைத்துக் குத்தினால் அந்தத் துண்டு அனாதை. குத்தும் ஊசிமுனையும் மழுங்கலாக இருக்க வேண்டும். கூர்முனை விரிசலுக்கு வழி விடும். சாதாரண இரும்பைத் தேய்த்த கிரைண்டர் கல் இந்தத் தகட்டில் படவே கூடாது. குறிக்கும் பேனாவின் மையில் குளோரைடு இருக்கக் கூடாது.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம். நம் காற்றில் உப்பு. பற்றவைத்த இடத்தில் இழுவிசை தேங்கியிருக்கும். அதில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் துருப்பிடிக்காத எஃகு மேலே பளபளத்துக்கொண்டே உள்ளே மயிரிழையாக வெடிக்கும். கடற்கரை நிலையங்களில் வைத்த குப்பிகளைப் பற்றி உலகம் முழுக்க இருக்கும் கவலையும் இதுதான். முடித்த கருவியை ஜெலுத்தோங் கடற்காற்றில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்துவிட்டுக் கப்பலுக்குக் காத்திருக்கக் கூடாது.

ஹோல்டு பாயிண்ட் என்று தரத் திட்டத்தில் எழுதியிருந்தால் ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை அடுத்த வேலை இல்லை. அவர் விமானம் தாமதமானாலும் இல்லை.

8. கொண்டுபோகும் கலன் செய்வதானால் சோதனைகள் உலகப் பொது: 9 மீட்டர் உயரத்திலிருந்து அசையாத தளத்தில் போடுவது, 1 மீட்டரிலிருந்து இரும்பு முளையின் மேல் போடுவது, 800 டிகிரி நெருப்பில் 30 நிமிடம், பிறகு தண்ணீரில் அமிழ்த்துவது. இதைப் பற்றி நிறைய நூல்கள் இருக்கின்றன, நான் நீட்டவில்லை.

9. ஊர் மக்களை விண்ணப்பத்துக்கு வெளியே நிறுத்தாதீர்கள்.

ஈப்போ பக்கத்துப் புக்கிட் மேராவை நம் தலைமுறை மறக்காது. ஏஷியன் ரேர் எர்த் ஆலை மோனசைட்டிலிருந்து அருமண் எடுத்தது. தோரியக் கழிவு மிஞ்சியது. 1985இல் எட்டுக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் சஹாபாட் அலாம் மலேசியாவும் அவர்களுக்குத் துணை நின்றன. அந்த ஆண்டே தடை உத்தரவு வந்தது. 1987இல் அணுசக்தி உரிம வாரியம் உரிமம் கொடுக்க, ஆலை மறுபடி ஓடியது. 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. கையில் உரிமம், பக்கத்தில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு, இரண்டும் இருந்தும் 1994இல் நிறுவனம் ஆலையை மூடியது. அந்த ஊரில் இனி ஓட்ட முடியாது என்று ஆகிவிட்டது. கழிவைக் கிளேடாங் மலையில் புதைக்கும் வேலை அதற்குப் பிறகும் பல ஆண்டு நடந்தது.

தமிழ்நாட்டிலும் இதே பாடம் நடந்துகொண்டிருக்கிறது. கூடங்குளத்துக்கு அனுமதி தந்த 2013 மே மாதத் தீர்ப்பிலேயே, பயன்படுத்திய எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கை ஐந்து ஆண்டுகளுக்குள் கட்ட வேண்டும் என்று இந்திய உச்சநீதிமன்றம் சொன்னது. ஐந்து ஆண்டில் முடியவில்லை. கூடுதல் அவகாசம் கேட்டு வாங்கினார்கள். 2019 ஜூலையில் நடக்கவிருந்த மக்கள் கருத்துக் கேட்பு எதிர்ப்புக்கு நடுவே ஒத்திவைக்கப்பட்டது. எரிபொருள் பாதுகாப்பாக இருக்கும் என்று பொறியாளர் சொல்கிறார். எத்தனை ஆண்டு, பிறகு எங்கே என்று பக்கத்து இடிந்தகரைத் தாய்மார்கள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது பொறியியல் கேள்விதான். குப்பைமேட்டுப் புகையை மூச்சில் வாங்கிய ஜெலுத்தோங்காரர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் நன்றாகவே புரியும். உங்கள் கருவியின் ஆயுளுக்குப் பிறகு அதை என்ன செய்வது, அதில் படிந்த கதிரியக்கத்தை எப்படிக் கழுவுவது, பிரித்தெடுப்பது எப்படி என்பதை எளிய மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் இரண்டு பக்கத்துக்குள் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால் வடிவமைப்பு இன்னும் முடியவில்லை.

10. ஆரம்பிப்பதென்றால் பாங்கியிலிருந்து ஆரம்பியுங்கள்.

அங்குள்ள மலேசிய அணுசக்தி முகமையில் கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பயிற்சிகள் நடக்கின்றன. உங்கள் பட்டறையிலிருந்து ஒருவராவது கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரித் தகுதி பெறட்டும். தொழிலாளிக்கு ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், பொதுமக்களுக்கு 1 என்ற வரம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் படித்துக்கொள்ளுங்கள். பிறகு சிறிய ஒன்றை எடுங்கள்: குளத்தடியில் கோலைப் பிடிக்கும் நீண்ட பிடிக்கோல், அல்லது போலிக் கட்டு ஒன்றைத் தூக்கி வைக்கும் சட்டம். எரிபொருள் இல்லாமல், தண்ணீர்த் தொட்டியில், 125 சதவீதச் சுமையில் சோதியுங்கள். சோதனையின் நடுவில் மின்சாரத்தை நிறுத்துங்கள். எத்தனை நிமிடத்தில், எத்தனை பேரால், எந்தக் கைப்பிடியைச் சுழற்றி அதைக் கீழே இறக்க முடிந்தது என்று குறித்து, அந்தத் தாளை விண்ணப்பத்தின் முதல் இணைப்பாக வையுங்கள்.